"இது எந்த ஸ்டைல் கராத்தே, டீச்சர்?"

கராத்தே சொல்லிக்கொடுக்கிறவளுக்கு எதிராளியின் குத்தைத் தடுப்பது சுலபம். வகுப்புக்கு வெளியே நின்று கேள்வி கேட்கிறவர்களைத் தடுக்கத்தான் எந்த ஸ்டைலிலும் வழி கிடையாது.

முன்னறையில் தையல் கற்றுக்கொடுப்பவர்களே, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துபவர்களே, ஹிந்தி டியூஷன் எடுப்பவர்களே, இடம் கொடுத்தவர் முகம் கோணாமல் பிழைப்பு நடத்தவேண்டிய என் இனத்தாரே! நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தூரில் பெண்களுக்குக் கராத்தே வகுப்பு ஆரம்பித்தேன். மதராஸில் உடற்பயிற்சி ஆசிரியை படிப்புக்குப் போன இடத்தில் கோஜூ-ரியூ என்ற ஸ்டைலைக் கற்று, கறுப்பு பெல்ட்டோடு ஊர் திரும்பியவள் நான். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். சாயங்காலம் எங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவ சபையின் ஹாலில் கராத்தே. அந்த வகுப்பை மூடிவிட வேண்டும் என்று ஊரில் பாதிப் பேர். மூடமாட்டேன் என்று நான் ஒருத்தி. யார் ஜெயித்தார்கள் என்பது கடைசியில் வரும். ஆனால் நான் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

குனிந்தது யாருக்கு?

கராத்தே வகுப்பு வணக்கத்தில் ஆரம்பித்து வணக்கத்தில் முடியும். எந்த ஸ்டைலானாலும் இதில் மாற்றமில்லை. முதல் நாள் பெண்களைச் சுவரைப் பார்த்து வரிசையாக நிறுத்தி, "ரே!" என்று குரல் கொடுத்தேன். எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிந்தார்கள். ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சபைக் கமிட்டிச் செயலாளர் மோசஸ் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"யாருக்கும்மா குனியிறீங்க?" என்றார். "யாருக்கும் இல்லைங்க ஐயா, இந்த இடத்துக்கு மரியாதை" என்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஆளுக்குக் குனிந்தால்கூட மன்னிக்கலாம், இடத்துக்குக் குனிவது சுத்தமான விக்கிரகாராதனை என்று சொல்லிவிட்டார். வணக்கம் இல்லாவிட்டால் இது கராத்தே இல்லை, தெருச்சண்டை என்றேன். அப்படியானால் ஹால் கிடையாது என்றார். அப்படியானால் ரோட்டில் நின்று குனிகிறோம், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்றேன். சபையின் பெண்கள் ரோட்டில் நின்று குனிவதை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"குனியிறதுன்னா குனிஞ்சிக்கோம்மா, ஒருத்தர ஒருத்தர் பாத்து குனிஞ்சிக்கோங்க. அந்த செவுத்த பாத்து மட்டும் குனியாதீங்க. செவுத்துக்கு அந்தாண்ட ரோமன் கத்தோலிக்கு கோயில் இருக்குது."

நம்முடையது எந்த மிஷன்?

பெண்ணைச் சேர்க்க வரும் அம்மாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எந்த ஸ்டைல் கராத்தே, டீச்சர்?" யாரோ சினிமா பார்த்துவிட்டு வந்து சொல்லியிருப்பார்கள், ஸ்டைல் பார்த்துச் சேர வேண்டும் என்று. நானும் தொண்டை வறள விளக்குவேன். ஒகினாவா என்று ஒரு தீவு. அதில் ஷுரி என்பது ராஜாவின் அரண்மனை இருந்த ஊர். நாஹா என்பது சீனத்துக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். ஊருக்கு ஊர் கைவரிசை வேறு. ஷுரி வழியில் வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அவர் கவிதை எழுதவும் செய்வாராம், அந்தப் புனைபெயரிலிருந்து வந்ததுதான் ஷோட்டோகான். நாஹா வழியில் வந்தது எங்கள் கோஜூ-ரியூ. கோ என்றால் கெட்டி, ஜூ என்றால் இளக்கம். இரண்டு ஊர்க் குருமாரிடமும் கற்றவர் ஒருவர், இருவர் பெயரிலிருந்தும் ஓர் எழுத்து எடுத்து ஷிட்டோ-ரியூ என்று வைத்தார். ஷோட்டோகான் கற்றவர் ஒருவர் ஜப்பானியப் பிடிவித்தையைக் கலந்து வாடோ-ரியூ செய்தார்.

ராணி என்ற பெண்ணின் அம்மா இதைக் கண்கொட்டாமல் கேட்டார். ராணி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் பாகாலாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். நான் முடித்ததும் அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அந்த காலத்துல வெள்ளக்கார தொரைங்க இந்த ஊரு உனுக்கு, அந்த ஊரு எனுக்குன்னு மிஷன் பிரிச்சிக்கினாங்களே, அது மாரி தான? இத்தினி கத இன்னாத்துக்கு டீச்சர், நம்மளுது எந்த மிஷன்னு சொல்லிட்டா முடிஞ்சிது!"

துறவி போன வழி

பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் வேறு சிக்கல். தமிழ் வாத்தியார் அருளப்பன், கராத்தே ஜப்பான்காரனுடையதே இல்லை என்று மேஜையைத் தட்டுவார். காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன ஒரு துறவி கற்றுக்கொடுத்தது, அங்கிருந்து ஒகினாவா போயிற்று, ஆகவே கோஜூ, ஷோட்டோகான் எல்லாமே தமிழனின் சொத்து என்பார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒகினாவாக்காரர்கள் சீனாவைக் கைகாட்டுகிறார்கள், சீனாக்காரர்கள் ஒரு மடத்தைக் கைகாட்டுகிறார்கள், மடத்துக்காரர்கள் அந்தத் துறவியைக் கைகாட்டுகிறார்கள். ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. சொந்த ஊர்ப் பெருமைக்காக ஒரு டிரில் டீச்சர் புளுக முடியாது என்றேன். அருளப்பன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பேசாமல் இருந்தது அவர் மட்டும்தான். தெலுங்கு பண்டிட் சுப்பாராயுடுகாரு பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் பக்கம் பேசுவதுபோல் ஆரம்பித்தார். எனக்கும் ஒரு ஆள் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டேன். அவர் தமிழில் சொன்னது இது:

"கிரேஸம்மா செப்பறது கரெக்ட். அந்த சந்யாசி தமிழ்காரு மட்டும் இல்ல. காஞ்சியில இருந்து சைனாவுக்கு போவணும்னா எந்த வழி? மன சித்தூரு, நம்ம சித்தூரு வழிதான! இங்க ரெண்டு நாளாவது தங்கியிருப்பாரு. அந்த ரெண்டு நாளு அவரு எங்காளு!"

கோர்ட்டுக்குப் போகாத சம்பிரதாயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பதியில் வகுப்பு. கோயில் கைங்கரியக் குடும்பங்கள் இருக்கும் தெருவில், வேதவல்லி என்ற கல்லூரி மாணவியின் வீட்டு மொட்டைமாடி. ஒரு கிறிஸ்தவப் பெண் சொல்லித்தர, மடிசார் கட்டிய மாமிகள் வேடிக்கை பார்க்க, பெண்கள் அலற, தெருவே திரும்பிப் பார்க்கும். அன்று சான்சின் என்ற பயிற்சி. எங்கள் ஸ்டைலில் அதைக் கையை மூடிக் குத்தாகச் செய்வோம். அதே சான்சினை, சீனாவிலிருந்து வந்த உயேச்சி-ரியூ என்ற இன்னொரு வழிக்காரர்கள் கையை விரித்துச் செய்வார்கள். இரண்டையும் செய்து காட்டினேன்.

வேதவல்லியின் அப்பா ரங்காச்சாரி, கோயிலில் பிரபந்தம் சேவிப்பவர், மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணை நிறுத்தப்போகிறார் என்றுதான் பயந்தேன். அவரோ கேட்கக் கேட்க உற்சாகமானார். "கை மூடறவா, கை திறக்கறவாளைப் பார்த்து தப்புன்னு சொல்வாளோ?" சொல்வார்கள் என்றேன். "இவா இடத்துல அவா வந்து அவா வழியில பண்ணலாமோ?" விடமாட்டார்கள் என்றேன். "ரெண்டு பேருக்கும் மூலம் ஒண்ணுதானே?" கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே தென்சீனத்திலிருந்து வந்தவை என்றேன். நாமத்துக்குக் கீழே பாதம் வைப்பதா வேண்டாமா, யானை நெற்றிக்கு எந்த நாமம் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்களின் வழியில் வந்தவர் அவர். முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, எந்தக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது என்று கேட்டார். கேஸே இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது.

"இன்னும் கோர்ட்டுக்கே போகலையா? அப்போ இது ரொம்பப் பச்சைக்குழந்தை சம்பிரதாயம்மா. பாவம், வளரட்டும்."

எந்த சாமிக்கு?

வண்ண பெல்ட் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. வெள்ளைத் துணியைப் பட்டையாகத் தைத்துக் காளஹஸ்திக்கு எடுத்துப்போனேன், சாயம் போட. துணியில் சாமி படம் தீட்டும் கலம்காரி வேலை செய்கிறவர் ஒருவர் வாங்கிப் பார்த்து, "ஏ தேவுடிக்கம்மா?" என்றார், எந்த சாமிக்குச் சாத்துவது என்று. அவரிடம் வருகிற நீளத்துணி எல்லாம் சாமிக்குத்தானே போகும். சாமிக்கு இல்லை, பெண்கள் இடுப்பில் கட்ட, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்று வரிசை சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நிறமும் வியர்வை சிந்தி வாங்க வேண்டியவை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்க தேவுள்ளுங்களே நாலு ரங்குல அடங்கிடறாங்கம்மா. உங்க பொண்ணுங்களுக்கு அதுக்கும் மேலயா?"

கோழி நிற்கிற மாதிரி

இதுவரை வந்தவர்கள் கேள்வி கேட்டதோடு சரி. மதராஸிலிருந்து வந்த தனஞ்செயன் மாஸ்டர் என் ஹாலையே கேட்டார். அவர் ஷோட்டோகான். கமிட்டியிடம் போய், சித்தூர் ஜில்லாவுக்கே தான்தான் பொறுப்பு, பையன்களுக்கு அதே ஹாலில் வகுப்பு வேண்டும், அங்கே இப்போது நடப்பது அசல் கராத்தே இல்லை என்று சொல்லிவிட்டு, என் வகுப்பைப் பார்க்க வந்தார். அவர் நின்று காட்டினதை நான் குறை சொல்லமாட்டேன். முன்காலை நீட்டி மடக்கித் தாழ்ந்து நின்றார், அழகான நிலை. ஷுரி வழி ஜப்பானில் கல்லூரிப் பையன்கள் கையில் வளர்ந்தபோது இப்படி நீண்டு தாழ்ந்தது. எங்கள் நாஹா வழி கிட்டத்துச் சண்டை. கால் அதிகம் அகலாது, பாதம் உள்பக்கம் திரும்பி, விரல்கள் தரையைக் கவ்வும். என் பெண்கள் அப்படி நின்றதைப் பார்த்து, கோழி நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவருடன் வந்த பையன்கள் சிரித்தார்கள்.

இரண்டும் ஒரே தீவில் பிறந்தவை, உங்களுடையது அண்ணன் என்றால் எங்களுடையது தம்பி இல்லை என்றேன். ஒரு வழி சொன்னார்: நான் ஷோட்டோகானுக்கு மாறி, வெள்ளை பெல்ட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்து, அவருக்கு அசிஸ்டெண்டாக இருக்கலாம். என் பெண்கள் வாங்கிய பெல்ட்டெல்லாம் செல்லாது. என் பெல்ட்டை அவிழ்க்கச் சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் இல்லை என்று சொல்லி, வாசலைக் காட்டினேன். வாசல்படியில் நின்று, பரிதாபப்படுகிற குரலில் சொன்னார்:

"ஒரு ஊருக்கு ஒரு ஸ்டைல் போதும்மா. லேடீஸுக்கு எதுக்கு ஸ்டைல்? எக்ஸர்சைஸ் பத்தாதா?"

எர்ர பஸ்ஸில் இடமில்லை

அடுத்த வாரம் ராணி வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். முழங்கை சிவந்திருந்தது. பாகாலாவிலிருந்து வரும் எர்ர பஸ், அதாவது எங்கள் ஊர் சிவப்பு அரசு பஸ், எப்படி நிரம்பும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கால் வைத்த இடத்திலிருந்து கால் எடுக்க முடியாது. பின்னால் நின்ற ஒருவன் கூட்டத்தைச் சாக்காக வைத்துக் கையை நீட்டியிருக்கிறான். இவள் திரும்பவில்லை, காலை அகட்டவில்லை, அகட்ட இடமேது? கோழி மாதிரி நின்ற இடத்திலேயே விரலால் தரையைக் கவ்விக்கொண்டு, முழங்கையைப் பின்னால் ஒரு இழுப்பு. அவன் பின்னால் கிடந்த ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் சித்தூர் வரும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

இதைக் கேட்டு நான் ராணியைக் கட்டிக்கொண்டேன். நாஹா துறைமுகத்தில் எவனோ நெருக்கத்தில் நின்று கண்டுபிடித்த வித்தை, பாகாலா பஸ்ஸுக்கென்றே செய்தது போல இருந்தது எனக்கு. பஸ்ஸில் மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தினாராம்:

"ஏமய்யா, அந்த பொண்ணுக்கு கொஞ்சம் எடம் உடுங்கய்யா! இல்லன்னா எனக்கும் சேத்து உழும்."

ஏலத்தில் போன ஓடு

கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. அறுப்பின் பண்டிகை அன்று இரண்டு பேரும் சபை முன்னால் செய்து காட்ட வேண்டும். பார்த்துவிட்டு ஹால் யாருக்கென்று சொல்வார்கள். பண்டிகையில் பூசணி, கரும்பு, சேவல் என்று சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஆராதனைக்குப் பிறகு ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு முன்னால் எங்கள் முறை. நான் எதையும் உடைக்கமாட்டேன், தினம் செய்வதைத்தான் செய்வோம் என்று சொல்லியிருந்தேன். பெண்கள் சான்சின் செய்தார்கள். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து, கரகரவென்று விட்டு, மெதுவாக ஓரடி. எங்கள் ஸ்டைலின் உயிர் அதில்தான் இருக்கிறது. முன்வரிசையில் ஒரு தாத்தா, "புள்ளைங்களுக்கு இழுப்பு வந்துட்ச்சி, தண்ணி குடுங்கடா" என்று எழுந்துவிட்டார். சபை சிரித்தது. என் பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை. நான் அவர்களைப் பார்த்துப் பெருமைப்பட்டது அன்று போல் என்றும் இல்லை.

பிறகு தனஞ்செயன் மாஸ்டர். அவருடைய பையன்கள் ஓரமாக யாரோ அடுக்கியிருந்த சீமை ஓடுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரே அலறல், ஒரே அடி. அடுக்கு முழுவதும் தூள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது அடங்கும்போதுதான் ஏலம் விடும் தேவதாஸ் மாமா எழுந்தார். அந்த ஓடு, சூளை வைத்திருக்கும் ஒரு குடும்பம் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தது. பண்டிகையன்று அந்த ஓரத்தில் இருப்பது எல்லாமே காணிக்கை என்று வெளியூர் மாஸ்டருக்கு யார் சொல்வது? தேவதாஸ் மாமா சில்லுகளைக் கூடையில் வாரி மேஜைமேல் வைத்து, மாஸ்டரைப் பார்த்துக் குரல் எழுப்பினார்:

"ஒடைஞ்ச ஓடு ஒரு கூட, ஒருதரம்! ஒடச்சவருதான் எடுக்கணும், அது எந்த ஸ்டைலா இருந்தாலும் செரி... ரெண்டுதரம்!"

நீவா மணல்

மாஸ்டர் ஓட்டுச் சில்லுகளை ஏலத்தில் எடுத்தார், கமிட்டியிடம் மன்னிப்பும் கேட்டார். ஹாலும் அவருக்கே போயிற்று. உடைத்தது தப்பென்றாலும் பார்க்கக் கராத்தே மாதிரி இருந்தது அதுதானாம். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். பாகாலா ரயில்வேயில் வேலை பார்த்த என் நைனா, "அழுது முடிச்சிட்டு இன்னா பண்ணப்போறன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டார். மறுநாள் சாயங்காலம் நீவா ஆற்று மணலில் வகுப்பு என்று பெண்களுக்குச் சொல்லியனுப்பினேன். எங்கள் ஆற்றில் தண்ணீர் வருவது அபூர்வம், மணலுக்குச் சாவியும் கிடையாது. ஆனால் ஊர் முழுக்கப் பாலத்தில் நின்று பார்க்கும் இடம். எந்த அம்மா அங்கே பெண்ணை அனுப்புவாள்? யாரும் வராவிட்டால் தனியாகவே சான்சின் செய்துவிட்டு வருவது என்ற வைராக்கியத்தில் போனேன். எனக்கு முன்னால் என் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். வேதவல்லிகூடத் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள்.

ஒருவரையொருவர் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தோம். பாலத்தில் விசில் சத்தம். கரையிலிருந்து மோசஸ் ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி வந்தார். பெண்கள் இப்படி ஊர் பார்க்க ஆற்றில் நிற்கக்கூடாது, ஹாலில் ஃபேன் இருக்கிறது, லைட் இருக்கிறது, மாஸ்டர் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், பெல்ட்டை மட்டும் கழற்றிவைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். என்னிடம் சொல்லவில்லை, பெண்களிடம் சொன்னார். அவர்கள் போனால் போகட்டும், இது அவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரிசை கலையவில்லை. நிலையிலிருந்து காலை எடுக்காமல், முகத்தை மட்டும் அவர் பக்கம் திருப்பி, ராணி சொன்னாள்:

"ஹாலு உங்களுது ஐயா, நீங்களே வெச்சிக்கோங்க. கையும் காலும் எங்களுது."

கராத்தேயில் ஷோட்டோகான், கோஜூ, ஷிட்டோ, வாடோ என்று ஸ்டைல் எத்தனையோ உண்டு. இடத்தைக் காலி செய்யச் சொல்கிறவர்களுக்கு மட்டும் உலகம் முழுக்க ஒரே ஸ்டைல்தான்.